பேமிலி ரூமுக்குப் போகாத கஸ்டம்ஸ் அக்கா

இந்தியாவில் கஸ்டம்ஸ் அக்கா சண்டை போடாத தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி இருந்தால் அந்த வண்டிக்கு இன்னும் சக்கரம் மாட்டவில்லை என்று அர்த்தம். தூத்துக்குடியில் ரயில் ஏறி, நாலைந்து மாநிலம் தாண்டி, ஒரு வார்த்தை புரியாத ஊரில் இறங்கி, ரோட்டோரக் கடைக்காரரிடம் தூத்துக்குடித் தமிழிலேயே நியாயம் கேட்டு, அவரைத் திணறடித்து, அவர் போட்டதையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிற இன்னொரு பெண்மணியை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசை இல்லை. ஒருவருக்கே ரயில்வே தாங்கவில்லை.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் நானும் அவரும் ஒரே அறை. எனக்கு ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. அக்காவுக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்தில் வந்து இறங்குகிற சரக்குக்கு கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், ஒரே பதில்தான்.

"பொண்ணு பாக்க வந்தவன் முன்னால சூடா பஜ்ஜி வச்சுருக்கு. அவன் அத ஆறப் போட்டுட்டு ஜாதகம் பேசிக்கிட்டு இருக்கான். அவன் கூட நான் எப்படிளா குடும்பம் நடத்த?"

கஸ்டம்ஸ் அக்கா என்ற பெயர் அவருடைய ஆபீசால் வந்ததல்ல. ஹாஸ்டலுக்குள் எந்தப் பொட்டலம் நுழைந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

"நில்லு. என்ன சரக்கு?"

"கடலை மிட்டாய்க்கா. கோவில்பட்டியில இருந்து அம்மா குடுத்துவிட்டாங்க."

"எப்ப கெளம்புச்சு?"

"காலைல."

"பிரி. சாம்பிள் எடுக்கணும்."

அந்த சாம்பிளுக்கு அளவு கிடையாது. காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து வாடா என்கிற, இறால் வைத்த அரிசிமாவு வடை கொண்டுவந்தாள். அக்கா சாம்பிள் எடுத்து முடித்தபோது அவள் கையில் எண்ணெய்ப் பேப்பர் மட்டும் இருந்தது. "சரக்கு கிளியர். நீ போலாம்" என்று அனுப்பிவைத்தார். அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பேப்பரையே பார்த்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மற்ற பெண்கள் லீவு விட்டால் ஊருக்குப் போவார்கள். அக்கா இந்தியாவுக்குப் போவார். ரெண்டு சுடிதார், ஒரு துண்டு, ஜீரண மாத்திரை ஒரு அட்டை. கோயில், குளம், அரண்மனை எதையும் பார்க்க மாட்டார். ஆக்ரா போய்விட்டு வந்தவரிடம் தாஜ்மகால் எப்படி இருந்தது என்று கேட்டேன். "தூரத்துல இருந்து வெள்ளையா தெரிஞ்சுச்சு. பக்கத்துல ஒருத்தன் கச்சோரி போட்டுக்கிட்டு இருந்தான், அங்கன நின்னுட்டேன்" என்றார்.

போகிற ஊரிலிருந்தெல்லாம் வாட்ஸப்பில் குரல் பதிவு வரும். ஒவ்வொன்றும் ஒரு புகார் மனு. மும்பையிலிருந்து: "ஏளா, நல்ல போண்டாவப் புடிச்சு பன்னுக்குள்ள அடைச்சு வச்சிருக்கான். போண்டா என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு எதுக்குப் போர்வை?" இந்தூரிலிருந்து: "அவலும் ஜிலேபியும் ஒண்ணா திங்கானுவ. விடிஞ்சதும் விடியாததுமா! இவனுவளக் கேக்க ஆளே இல்லியா?" டெல்லியிலிருந்து: "பூரிய ஊதிப் பெருசாக்கி வேற பேரு வச்சு விக்கான். நான் கண்டுபுடிச்சுட்டேன்."

குரல் பதிவின் பின்னால் அவர் மெல்லுகிற சத்தமும் கேட்கும். அக்காவிடம் உள்ள விசேஷம் அது. எவ்வளவு திட்டுகிறாரோ அவ்வளவு பிடித்திருக்கிறது. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தால்தான் கடைக்காரர் பயப்பட வேண்டும்.

ஒருதடவை சென்னைக்குப் போகிற வழியில், மதுரை பிளாட்பாரத்தில் ஒருவர் "தூத்துக்குடி மக்ரூன், தூத்துக்குடி மக்ரூன்" என்று கூவிக்கொண்டு போயிருக்கிறார். அக்கா ஜன்னல் வழியாக ஒன்றை வாங்கி வாயில் போட்டார். முந்திரி இல்லை. நிலக்கடலை. முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்து வாயில் வைத்ததும் கரைய வேண்டிய ஒரு பண்டம், பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது! அக்கா ரயிலை விட்டு இறங்கிவிட்டார்.

"இது எந்த ஊரு மக்ரூன்?"

"தூத்துக்குடிங்க."

"நான் எந்த ஊருன்னு கேளு."

அவர் கேட்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அக்காவின் பை சென்னைக்குப் போனது. அக்கா மதுரையில் நின்று, அந்த மனிதர் "தூத்துக்குடி" என்ற வார்த்தையை விட்டுவிட்டு வெறும் "மக்ரூன்" என்று கூவுகிறவரைக்கும் அவர் பின்னாலேயே பிளாட்பாரம் முழுக்க நடந்திருக்கிறார். அடுத்த வண்டியில் போய்ப் பையை வாங்கிக்கொண்டார். "பை போனா வரும்ளா. ஊரு பேரு போனா வருமா?" என்று என்னையே திரும்பக் கேட்டார்.

இப்படிப்பட்டவரோடு நான் ஒரே ஒரு தடவைதான் பயணம் போனேன், கொல்கத்தாவுக்கு. சென்னையில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம், ஆபீஸ் விட்டு ஜனம் வீடு திரும்புகிற நேரம், ஒரு தெருமுனையில் புச்கா வண்டி. நம்மூரில் பானிபூரி என்று விற்கிறார்களே, அதற்கு அண்ணன் முறை. கடைக்காரர் ஒரு பூரியை விரலால் உடைத்து, பிசைந்த உருளைக்கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, நம் கையில் இருக்கிற இலைத் தொன்னையில் வைப்பார். சுற்றி நிற்கிற ஒவ்வொருவருக்கும் முறை வைத்து ஒவ்வொன்றாக. வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அக்கா கோபத்தோடுதான் ஆரம்பித்தார். "கையாலயே பெசையுதான் பாரு. கரண்டி வாங்க வக்கில்லியா?" முதல் புச்கா உள்ளே போனது. "புளி ஜாஸ்தி." இரண்டாவது. "இந்தப் புளிய எங்க வாங்குனான்னு கேளு." மூன்றாவதுக்கு மேல் பேச்சு இல்லை, தொன்னை மட்டும் நீண்டுகொண்டே இருந்தது.

சாப்பிட்டு முடித்தவர்களுக்குக் கடைசியில் ஒன்று சும்மா கொடுப்பது அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கொடுத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து வெளியூர் என்று நினைத்தாரோ என்னவோ, எங்களுக்குக் கொடுக்கவில்லை. வந்தது வினை.

"யோவ், அந்தம்மாவுக்குக் கடைசில ஒண்ணு குடுத்தியே. எனக்கு எங்க? நான் என்ன மரத்துல இருந்து எறங்கி வந்தேனா?"

தமிழ்தான். கையை மட்டும் தொன்னையோடு நீட்டினார். அந்தக் கடைக்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, சுற்றி நின்ற பெண்களுக்குப் புரிந்துவிட்டது. பேங்க் உத்தியோகம் மாதிரி ஒருவர், காலேஜ் பெண்கள் இரண்டு பேர், மளிகைப் பையோடு ஒரு பாட்டி, எல்லோரும் வங்காளத்தில் கடைக்காரர் மேல் பாய்ந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு ஆளுக்கு இரண்டு வைத்தார். பாட்டி அக்காவின் தோளில் தட்டிக்கொடுத்தார். அக்கா பதிலுக்கு அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வருகிறபோது ரயிலில் அக்கா பேசவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வயிறு ஏதும் சரியில்லையோ என்று நினைத்தேன். கோதாவரிப் பாலத்தில் வண்டி ஏறினபோது திடீரென்று கேட்டார்.

"ஏளா, நம்ம ஊரு புரோட்டாவ கல்லுல இருந்து எடுத்த சூட்டோட என்னிக்காவது தின்னுருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து புரோட்டா சாப்பிடுகிறேன். அப்பா வாங்கி வருவார், பிறகு தம்பி வாங்கி வந்தான். "பார்சல்தான்க்கா" என்றேன்.

"நானும் அதான்" என்றார். "கொல்கத்தாவுல ரோட்டுல நின்னு சண்ட போட்டுத் திங்கேன். நான் பொறந்த ஊர்ல எனக்கு இலையில வேர்த்துப்போன புரோட்டாதான் கிடைச்சிருக்கு. இத்தன வருசமா இது எனக்கு உறைக்கவே இல்ல பாரு."

அப்போது அவர் முகத்தில் பார்த்த கோபத்தை எந்தத் தள்ளுவண்டிக்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் ஆட்டம் பாட்டம் கிடையாது. சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்து ரோட்டோரத்தில் கல்லைப் போட்டு புரோட்டா அடிக்கிற கடைக்குத்தான் அந்தப் பெயர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்படி ஒரு கடை. வாசலில் கல், அதைச் சுற்றி பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆண்கள். புரோட்டா கல்லிலிருந்து தாவி இலைக்கு வரும். பின்னாலேயே சால்னா வரும். அக்கா, நான், ஹாஸ்டலில் அடுத்த அறையில் இருந்த நர்ஸ் ஜெசி, மூன்று பேரும் போய் நின்றோம். சப்ளையர் எங்களைப் பார்த்ததும் விரலை மேலே காட்டினார்.

"பேமிலி ரூம் மாடில இருக்குக்கா."

பேமிலி ரூம் என்ற அந்த அநியாயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏணி மாதிரி ஒரு படி. மேலே போனால் பாதி இடத்தில் வெங்காய மூட்டை. மீதி இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஓடாத ஒரு ஃபேன். நாம் உட்கார்ந்ததைக் கீழே உள்ளவர்கள் மறந்துவிடுவார்கள். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். புரோட்டா மாடி ஏறி வருவதற்குள் ஆறி, சால்னா மேல் ஆடை கட்டியிருக்கும். இதற்கு மரியாதை என்று பெயர்! நமக்குக் கொடுக்கிற மரியாதையாம்!

அக்கா மேலே போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்கார அண்ணாச்சியிடம் போனார்.

"அண்ணாச்சி, எனக்குப் பேமிலி கிடையாதே. நான் எந்த ரூமுக்குப் போவணும்?"

அண்ணாச்சி நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். "பேமிலின்னா லேடீஸ்மா" என்றார்.

"அப்பம் கீழ உக்காந்திருக்கவங்க எல்லாம் அநாதையா?"

புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த அத்தனை கைகளும் நின்றன.

"யம்மா, ஆம்பளைங்க நாலு பேரு வார எடம். ஒரு மாதிரி பாப்பான், ஒரு மாதிரி பேசுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"பேசுதவன மாடிக்கு அனுப்புங்க. என்ன எதுக்கு அனுப்புதிய?"

 அண்ணாச்சி சப்ளையருக்குக் கண்ணைக் காட்டினார். கேட்காமலேயே எங்கள் கையில் பார்சல் வந்தது. இலையில் மடித்த புரோட்டா, கவரில் நூல் சுற்றிக் கட்டின சால்னா. விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

அக்கா பார்சலை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். கடை வாசலில் வரிசையாக பைக்குகள் நின்றன. முதல் பைக்கின் சீட்டில் இலையை விரித்தார். சால்னாக் கவரின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து ஊற்றினார். நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். ஜெசியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆளுக்கு ஒரு பைக்கைப் பிடித்தோம். சும்மா சொல்லக்கூடாது, புரோட்டாவின் ஓரம் மொறுமொறு என்றிருந்தது. அந்த ஓரத்தை நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. ஆபீஸ் விட்டு நேரே நைட் கிளப். பார்சல் வாங்குவது, பைக் சீட்டில் விரிப்பது. ஹாஸ்டலிலிருந்து இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். காயல்பட்டினத்திலிருந்து வருகிற ஒரு பாய், பரம சாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பைக் பக்கத்திலேயே நிற்பார்.

"அக்கா, வண்டி எடுக்கணும்."

"இருங்க பாய். இன்னும் ஒரு புரோட்டா இருக்கு. உங்க சீட்டுதான் மட்டமா இருக்கு, சால்னா ஓட மாட்டேங்கு."

பாய் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பார். கடைசியில் அவரே அண்ணாச்சியிடம் முறையிட்டார். "இவங்களுக்கு ஒரு ஸ்டூலாவது போடுங்க அண்ணாச்சி. வாசத்துக்கு வழியில உள்ள நாயெல்லாம் வண்டி பின்னாலயே ஓடி வருது. ஆத்தூர்ல விட்ட நாய ஆறுமுகநேரில உள்ளது வாங்கிக்கிடுது. வீட்ல போயி நிப்பாட்டுனா வாசல்ல ஒரு கூட்டம் நிக்கி."

"ஸ்டூல் போட்டா நாளைக்கு இன்னும் நாலு பொம்பளைங்க வருவாங்க" என்றார் அண்ணாச்சி.

"வரட்டுமே!" என்று ரோட்டிலிருந்து அக்காவின் குரல். "கடைய எதுக்குத் தொறந்து வச்சிருக்கிய?"

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டுவிட்டார். உங்கள் ஹாஸ்டல் பெண்கள் ரோட்டில் நின்று தின்கிறார்கள், ஆண்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள் என்று. வார்டன் அக்காவை அழைத்தார். கூடவே நானும் போனேன்.

"ஹாஸ்டலுக்குன்னு ஒரு நல்ல பேரு இருக்கு" என்றார் வார்டன்.

"புரோட்டா தின்னா போயிருமா? அவ்வளவு லேசான பேரா மேடம் அது?"

"இது விளையாட்டு இல்ல. நிப்பாட்டுங்க. இல்லன்னா மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிருங்க."

அக்கா அந்த ஹாஸ்டலில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவர். அவருக்கு வேறு வீடு கிடையாது. அப்பா அம்மா இல்லை. இருந்த ஒரே அண்ணன் வீட்டில், அண்ணன் மட்டும்தான் பேசுவார், அதுவும் போனில். இந்த ஊரில் தனியாக ஒரு பெண்ணுக்கு வீடு தருகிறவர்கள் எத்தனை பேர், தருவதற்கு முன் என்னென்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு பெண்மணி தன் கைக்காசில் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டதற்கு அவர் படுக்கிற கட்டிலைப் பறிப்பார்களாம். 

மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. ஜெசிக்கு டியூட்டி. மற்றவர்களுக்கு என்னென்னவோ காரணம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ரூம் போனால் வேலையும் போகும். எனக்கு ஆபீஸ் முடியக் கொஞ்சம் பிந்திவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். பாயின் பைக் சீட்டில் பார்சல் பிரிக்காமல் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தார்.

"திங்கலியாக்கா?"

"திங்கணும்" என்றார். குரலில் சத்தமே இல்லை. "ஏளா, நான் என்னத்தக் கேட்டேன்? உக்கார ஒரு எடம். சூடா ஒரு புரோட்டா. இத ஒருத்தி கேட்டதுக்கு எவ்வளவு பேருக்குத் தூக்கம் போவுது பாரு."

அந்த நேரம் பார்த்துத்தான் காரில் வந்து இறங்கினார் அந்தத் தம்பி. கையில் கேமரா, சட்டையில் மைக், கூட ஒரு உதவியாள். யூட்யூபில் சாப்பாட்டு வீடியோ போடுகிறவர். தூறல் விட்டதும் கல்லுக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார். "மக்களே, ஒரு ஊரோட சாப்பாட்டத் தெரிஞ்சுக்கணும்னா ரோட்டுக் கடைக்குத்தான் வரணும் மக்களே!" அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டினார். ஒருவர் உண்மை பேசினால் ஒத்துக்கொள்கிற குணம் அவருக்கு உண்டு. உதவியாள் அக்காவிடம் வந்தார்.

"மேடம், கொஞ்சம் ஃபிரேமை விட்டுத் தள்ளி நிக்கிறீங்களா?"

"ஏன்?"

தம்பியே பதில் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க மேடம். லேடீஸ் நின்னா அந்த லோக்கல் ஃபீல் வராது."

அக்காவுக்கு வந்த கோபத்தில் வார்த்தை வரவில்லை. அவரிடம் வார்த்தை இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். அதற்குள் கல்லாவிலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சண்டையே பிடிக்காத அண்ணாச்சி எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"ஏலே, நீ எந்த ஊரு?"

"சென்னைங்க அண்ணாச்சி."

"லோக்கல்னா இந்தம்மாதான் லோக்கல். என் கடைக்கு மழையானாலும் வெயிலானாலும் தினமும் வாரவங்க. நீ இன்னிக்கு வந்துட்டு நாளைக்குப் போறவன். நீ தள்ளி நில்லு."

"இல்ல அண்ணாச்சி, வீடியோ போட்டா உங்களுக்குத்தான்..."

"என் கடைல யாரு நிக்கணும், யாரு நிக்கக் கூடாதுன்னு நீ யாருல சொல்ல?"

சொல்லி முடித்ததும் அண்ணாச்சி கொஞ்சம் தடுமாறினார். தான் சொன்னது தனக்கே காதில் விழுந்த மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்தார். பைக் சீட்டில் இருந்த பார்சலைப் பார்த்தார். பிறகு சப்ளையரைக் கூப்பிட்டு, உள்ளே சாத்தி வைத்திருந்த ஒரு பெஞ்சைத் தூக்கிவரச் சொன்னார். கல்லுக்கு நேர் எதிரே, மாஸ்டர் புரோட்டாவைத் தட்டினால் அனல் முகத்தில் அடிக்கிற இடத்தில், தன் கையாலேயே போட்டார்.

"உக்காருங்கம்மா."

அக்கா உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடை முழுக்க எங்களையே பார்த்தது. மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்துத் தட்டி, நேரே இலையில் போட்டார். அக்கா பிய்த்து, சால்னாவில் தோய்த்து, வாயில் வைத்தார். மென்றார். ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?"

"பெஞ்சு ஆடுது" என்றார் அக்கா. "ஒரு காலு கட்டை. குடுக்கதுதான் குடுக்கிய, ஒழுங்கா குடுக்கக் கூடாதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி குனிந்து, ஒரு அட்டையை மடித்து, பெஞ்சுக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவுக்குப் போனார்.

வார்டன் விஷயத்தை நான்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அண்ணாச்சி ஸ்கூட்டரில் ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டார். "மேடம், இந்தம்மா என் கடைல உக்காந்துதான் சாப்பிடுவாங்க. இனிமே யாரு போன் பண்ணினாலும் என் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாசக் கடைசி வந்தது, போனது. ரூமைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வாரமோ என்னவோ, எங்கள் அறை வாசலில் வந்து நின்று, "அங்க உக்காந்து சாப்பிட்டா நிஜமாவே அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு அவரை அப்போதே இழுத்துக்கொண்டு போய்விட்டார். வார்டன் நாலு புரோட்டா சாப்பிட்டார். ஐந்தாவதை அக்கா சாம்பிள் எடுத்துவிட்டார்.

போன வருஷம் அக்காவின் கம்பெனி குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்தில் ஒரு ஆபீஸ் திறந்து, அவரை அங்கே பொறுப்பாகப் போட்டது. புறப்படுகிற அன்று ஹாஸ்டலே ஸ்டேஷனுக்கு வந்தது. அண்ணாச்சி பார்சலோடு வந்தார். "பார்சலா?" என்று அக்கா ஒரு முறை முறைத்தார். வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அடிக்கடி போன் வரும். அப்புறம் வேலை அதிகமாகி அது குறைந்தது. போன வாரம் நான் அந்த நைட் கிளப் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன தாபேலின்னு ஒண்ணு விக்கான். பன்னுக்குள்ள உருளக்கெழங்கு, அதுக்கு மேல மாதுளம்பழம், அதுக்கு மேல கடலை. என்ன மனசுல வச்சுக்கிட்டு இத செஞ்சான்னு கேட்டேன். சிரிக்கான்."

"எத்தன தின்னீங்க?"

"அத எதுக்கு நீ கேக்க?" பிறகு கொஞ்சம் தணிந்து, "நீ எங்களா நிக்க? சத்தமா இருக்கு."

"அண்ணாச்சி கடைலக்கா."

"பெஞ்சுல யாரு உக்காந்திருக்கா?"

எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத முகங்கள். காலேஜ் பையோடு இரண்டு பெண்கள், துறைமுக அடையாள அட்டை மாட்டின ஒரு பெண். "யாருன்னு தெரியலக்கா. மூணு பேரு. ஓரம் மொறுமொறுன்னு வரலன்னு மாஸ்டரப் பேசிக்கிட்டு இருக்காளுவ."

"சத்தமாவா பேசுதாளுவ?"

"ரோடு வரைக்கும் கேக்குது."

அந்தப் பக்கம் அவர் இன்னொரு தாபேலியைக் கடிக்கிற சத்தம் கேட்டது. 

"அக்கா, நான் அங்க வரதுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன, கூறு கெட்டவளே! எத்தன நாள் லீவு? ரெண்டு நாளா? ரெண்டு நாள்ல இந்த ஊரத் தின்னு முடிச்சிருவியா நீ? போயி பத்து நாளு எழுதிக் குடு, போ!"

இத்தனை மாதம் கழித்து அந்தத் திட்டு காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் திட்டுவார்.